ஜெபசீலிக்கு ஒரு பொன்னாடை

அக். 14, செவ்வாய்

அக்டோபர் பாதியாகியும் இந்த ரிச்சர்ட்சன் ஊரில் வெயில் குறையவில்லை. கடை வாசலில் இறக்கி வைத்த வெல்லம் பெட்டிக்குள்ளேயே இளகிவிட்டது. திங்கள் தீபாவளி. கடலை மாவு மறுபடி சொல்ல வேண்டும். அகல் விளக்கு இன்னும் வரவில்லை.

மதியம் பாஸ்டர் போன். வரும் ஞாயிறு சபையில் உதவித் தலைவர்களுக்குப் பாராட்டு. பாடகர் குழு, ஜெபக் குழு, சண்டே ஸ்கூல், ஒவ்வொன்றிலும் தலைவருக்கு அடுத்த ஆள். பொன்னாடை என் பொறுப்பாம். ஹோல்சேலில் எனக்குத்தான் ஆள் தெரியுமாம். நான் விற்பது அரிசி, பருப்பு. சொன்னால் கேட்கிற ஆளா?

சாயங்காலம் ஜெபசீலி கடைக்கு வந்தாள். சண்டே ஸ்கூல் உதவித் தலைவி. நர்ஸ். சனி நைட் டியூட்டி முடித்து, கொஞ்சம் கண்ணயர்ந்து, அப்படியே பிள்ளைகளுக்குப் பாடம் நடத்த வருகிறவள். தலைவர் டேனியல் குரூப் போட்டோ அன்றைக்கு மட்டும் வருவார். மிளகாய் வத்தல் பாக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டே சொன்னாள்: கிறிஸ்துமஸோடு நிறுத்திக்கொள்கிறாள். வேறு சபைக்குப் போகிறாள். அங்கே யாருக்கும் அவளைத் தெரியாது. அதுதான் வேண்டுமாம்.

"ரெண்டு வருஷமா ஒரு பிரசங்கம் முழுசா கேட்டதில்ல அண்ணாச்சி. பிள்ளைகளோட பின் ரூம்லயே கிடக்கேன். பாஸ்டர் சத்தம் சுவத்துக்கு அந்தப் பக்கம் கேக்கும். என்ன சொல்லுதாருன்னு புரியாது."

இவள் போனால் பிள்ளைகள் வராது. பிள்ளைகள் வராவிட்டால் பெற்றோரும் இங்கிலீஷ் சபைக்குப் போய்விடுவார்கள். கடை நடத்துகிறவனுக்கு இது புரியும். கமிட்டிக்குப் புரியாது.

அக். 16, வியாழன்

பொன்னாடை வந்தது. சிவப்பு. ஜரிகை கண்ணைக் குத்துகிறது. வீட்டுக்காரி எஸ்தர் தொட்டுப் பார்த்துவிட்டு, "நம்ம வீட்டுலயே மூணு கிடக்கு. ஒண்ணு கார் டிக்கியில விரிச்சிருக்கீங்க" என்றாள். உண்மைதான். அதன்மேல் அரிசி மூட்டை.

கமிட்டி ஜூம். பொன்னாடை இருக்கட்டும், மாதம் ஒரு ஞாயிறு உதவித் தலைவர்களுக்கு லீவு கொடுங்கள், அன்றைக்குத் தலைவரே வேலையைப் பார்க்கட்டும் என்றேன். கடையில் வேலை பார்க்கிற அந்தோணியை நான் ஒரு நாளும் புகழ்ந்ததில்லை. புதன்கிழமை லீவு, அன்றைக்கு மட்டும் அவனைக் கூப்பிட மாட்டேன். இத்தனை வருஷம் நிற்கிறான்.

டேனியல் சிரித்தார். "ஊழியத்துக்கு லீவு உண்டா அண்ணாச்சி? இது கடை இல்ல."

கடையாக இருந்தால் எப்போதோ இழுத்து மூடியிருப்பார்கள். வாய்வரை வந்தது, சொல்லியும் விட்டேன். மியூட்டில் இருந்திருக்கிறேன்.

அக். 17, வெள்ளி

அகல் விளக்கு வந்தது. பாதி உடைசல்.

சபை வாட்ஸப்பில் டேனியல்: பாராட்டு விழாவுக்கு உதவித் தலைவர்கள் ஒரு மணி நேரம் முன்னதாக வந்து நாற்காலி போடவும். சமோசா, காபி அவர்கள் பொறுப்பு. பிள்ளைகளின் நன்றிப் பாட்டை ஜெபசீலி சிஸ்டர் பழக்கவும். கீழே வரிசையாகக் கைகூப்பும் படங்கள். ஒருவருக்கும் உறைக்கவில்லை.

ஜெபசீலிக்குப் போன் போட்டேன். சிரித்தாள். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

"பொன்னாடைய அயர்ன் பண்ணி எடுத்துட்டு வாங்கன்னும் சொல்லிருவாங்கன்னு பாத்தேன்."

டேனியலைக் கேட்டால், எந்தச் சாமான் எங்கே இருக்கிறதென்று உதவித் தலைவர்களுக்குத்தான் தெரியும் என்கிறார். போனை வைத்துவிட்டேன்.

அக். 19, ஞாயிறு

தீபாவளிக்கு முந்தின நாள். கடையில் கால் வைக்க இடமில்லை. கூட்டத்தை விட்டுக் கிளம்பினேன். "இன்னிக்கா அண்ணாச்சி?" என்று அந்தோணி பார்த்த பார்வை.

வாடகை ஹால். ஐந்து மணிக்கு ஸ்பானிஷ் சபை வந்துவிடும். இதில் தலைவர்களுக்கு நன்றி, தலைவர்களின் மனைவிமாருக்கு நன்றி, டேனியலின் ஸ்லைடு ஷோ. ஜெபசீலி பெயரைக் கூப்பிட்டபோது ஆளைக் காணோம். பின் ரூமில் பிள்ளைகளோடு. "நம்ம சிஸ்டர் எப்பவும் ஊழியத்துலதான்" என்றார் பாஸ்டர். கைதட்டல். அவள் சார்பில் பொன்னாடையை டேனியல் போட்டுக்கொண்டார். போட்டோவும் எடுத்தாயிற்று.

எழுந்து பின் ரூமுக்குப் போனேன். பசை, கத்தரிக்கோல், அழுகிற பிள்ளை ஒன்று.

"நீ உள்ள போயி உக்காரு. பிரசங்கம் இனிமேதான்."

"நீங்க சமாளிச்சிருவீங்களா?"

"இதவிடக் கூட்டம் கடையில நிக்குது. போம்மா."

போனாள். பையிலிருந்த கடலை மிட்டாயை எடுத்தேன். ஒரு சின்னப் பெண் கையைப் பிடித்துக்கொண்டது: "நோ நட்ஸ், அங்கிள்." கடலை சில பிள்ளைகளுக்கு ஒத்துக்கொள்ளாதாம். நோவா கதையைச் சரக்கு ஏற்றுகிற மாதிரி சொன்னேன். யானை கீழேயா, ஓரமாகவா என்று இங்கிலீஷில் ஒரே சண்டை. தொண்டை போய்விட்டது. இதை அவள் வாரா வாரம்.

முடிந்து வெளியே வந்தால், ஜெபசீலி கடைசி வரிசையில். நிமிர்ந்தபடியே தூக்கம். எழுப்பப் போன டேனியலின் சட்டையைப் பிடித்து இழுக்க வேண்டியிருந்தது. நாற்காலி மடக்கணுமாம். நீங்க மடக்குங்க என்றேன்.

அக். 20, திங்கள்

தீபாவளி. விளக்கு உடைசல்கூட விற்றுவிட்டது.

ஜெபசீலியிடமிருந்து மெசேஜ். "பாதிதான் கேட்டேன் அண்ணாச்சி, தூங்கிட்டேன். அடுத்த வாரமும் வருவீங்களா?" கிறிஸ்துமஸைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. நானும் கேட்கவில்லை. வருகிறேன் என்று போட்டேன்.

அந்தோணியிடம் சொல்லியாயிற்று. வரும் ஞாயிறு மதியத்துக்கு மேல் கடை அவன் கையில். அதற்கடுத்த ஞாயிறு பின் ரூம் டேனியலுக்கு. அதைச் சொல்லக் காலையிலிருந்து போன் அடிக்கிறேன், எடுக்க மாட்டேன் என்கிறார். நாளை வீட்டுக்கே போக வேண்டியதுதான். ஜெபசீலியின் பொன்னாடையும் அங்கேதான் இருக்கிறது.