தெற்கு அறை

வெள்ளறடை
4.2.2024

அன்புள்ள சங்கரிக்கு,

கர்த்தர் கிருபையில் நாங்கள் மூன்று பேரும் சுகம். போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் பாறசாலைப் பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் இருந்த நாளிலிருந்து பெரிய விஷயம் என்றால் நமக்குள் கடிதம்தானே. இது பெரிய விஷயம்தான்.

பழைய வீட்டை இடித்துவிட்டோம். லோன் கிடைத்தது. வீட்டைச் சுற்றியுள்ள விளையின் ஓரத்தில் தகரமும் தார்ப்பாயும் வைத்து ஒரு ஷெட் போட்டு அதில் இருக்கிறோம். தையல் மெஷினையும் அதற்குள்தான் வைத்திருக்கிறேன். மழைக்கு முன்னால் மேல் கான்கிரீட் வார்ப்பை முடித்துவிட வேண்டும் என்று இவர் ரப்பர் பால் வெட்டு முடிந்ததும் கொத்தனாரோடு நிற்கிறார்.

வியாழக்கிழமை அஸ்திவாரம் தோண்டும்போது ஜேசிபியின் பல்லில் ஒரு கல் தட்டியது. ஒரு மூலை உடைந்து தெறித்துவிட்டது. எடுத்துக் கழுவினால் கல் முழுக்க எழுத்து. தமிழும் இல்லை, மலையாளமும் இல்லை. பின்சி பார்த்துவிட்டு, "அம்மா, இது சங்கரி ஆன்டிக்கு உள்ளதாக்கும்" என்றாள்.

கல்லூரியில் வகுப்பெடுப்பது போதாதென்று தமிழ்வழிப் பிள்ளைகளுக்காகக் கேரளத்தின் நிலத்தையும் பழைய சரித்திரத்தையும் பற்றிப் புத்தகம் எழுதுகிறாயே, உனக்கு உதவும் என்று எனக்கும் தோன்றியது. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வீட்டில் இருப்போம், வா. ஒன்று மட்டும். வார்ப்பு முடியும்வரை வெளியே மூச்சு விடாதே. அதிகாரிகள் வந்தால் வேலை நின்றுபோகும் என்று கொத்தனார் பயமுறுத்துகிறார்.

உன்
ஷீனா

திருவனந்தபுரம்
13 பிப்ரவரி 2024

அன்புள்ள ஷீனா,

நீ பொரித்துத் தந்த அயிலை மீனின் ருசி இன்னும் நாக்கில் இருக்கிறது. அதைவிடக் கல்லின் ருசி.

படித்துவிட்டேன். வட்டெழுத்து. விழிஞத்தில் இருந்து ஆண்ட ஆய் மன்னர்களின் காலத்தது. யாரோ ஒருவர் நிலம் கொடுத்திருக்கிறார், 'மலை இறங்கி வருவார்க்குச் சோறு' போடுவதற்காக. ஊர்ப்பெயர் இருக்க வேண்டிய இடம்தான் உடைந்த மூலையில் போய்விட்டது.

என் புத்தகத்தின் முதல் அத்தியாயத்தில் இந்த மாநிலத்தை ஒரு சரிவாகத்தான் எழுதியிருக்கிறேன். கிழக்கே மலை, நடுவில் செம்மண் மேடு, மேற்கே கடல். உன் வாசலில் நின்றால் அகத்தியமலையின் தொடர் தெரிகிறது. நெய்யாறு அங்கே பிறந்து பூவாறு பக்கம் கடலில் சேர்கிறது. பாண்டிய நாட்டிலிருந்து மலை தாண்டி விழிஞம் துறைக்குப் போனவர்கள் இந்தச் சரிவு வழியாகத்தான் இறங்கியிருப்பார்கள் என்று எல்லோரும் ஊகிக்கிறோம். எங்கே தங்கினார்கள், எங்கே சாப்பிட்டார்கள் என்பதற்கு யாரிடமும் ஒன்றும் இல்லை. இப்போது உன் குழியில் இருக்கிறது. தெற்குப் பக்கத்தில் நான் காட்டினேனே, அகலமான பழைய செங்கல் வரிசை, அது அந்தச் சாப்பாட்டு மடத்தின் சுவராகவே இருக்க வேண்டும். அங்கேதானே உன் அடுக்களை வரப்போகிறது? உன் வீட்டுக்காரர் கனகதாஸ் அண்ணன் குழிக்குள் நின்றுகொண்டு, "அன்னைக்கும் இங்க அடுக்களதான் இருந்துருக்கு, கேட்டியா?" என்று சிரித்தது கண்ணிலேயே நிற்கிறது.

வார்ப்பு முடியும்வரை நான் ஊமை. சத்தியம்.

அன்புடன்
சங்கரி

திருவனந்தபுரம்
11 மார்ச் 2024

ஷீனா,

நலம் விசாரிக்க எனக்கு முகமில்லை. வேறு யாரும் சொல்லி நீ கேட்பதற்கு முன்னால் நானே எழுதுகிறேன்.

சனிக்கிழமை இங்கே ஒரு கருத்தரங்கு. பெரிய பேராசிரியர் ஒருவர், நெய்யாற்றுக்குத் தெற்கே மலையடிவாரத்தில் பழைய காலத்தில் வெறும் காடுதான், மனிதர் இருந்த தடயம் எதுவும் கிடையாது என்று பேசினார். என் பெயரைச் சொல்லியே, "ஊர்ப்பாசத்தில் சரித்திரம் எழுதக் கூடாது டீச்சரே" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். என் போனில் கல்லின் படம் இருந்தது. எழுந்து போய்த் திரையில் போட்டுவிட்டேன். சிரிப்பு நின்றது. அந்த அமைதி எனக்கு எவ்வளவு பிடித்திருந்தது என்பதை உன்னிடம் மறைக்கக் கூடாது. "எங்கே கிடைத்தது?" என்று கேட்டார்கள். வெள்ளறடை என்று சொன்னேன். யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை.

இன்று காலைப் பத்திரிகையில் வந்துவிட்டது. உன்னை ஐந்து முறை கூப்பிட்டேன். நீ எடுப்பதற்குள் நானே வைத்துவிட்டேன்.

சங்கரி

வெள்ளறடை
2.4.2024

சங்கரிக்கு,

கடிதம் கிடைத்தது. அதற்கு முன்னாலேயே ஜீப் வந்துவிட்டது.

வந்தவர்கள் நல்ல மனிதர்கள்தான். மரியாதையாகப் பேசினார்கள். குழியைச் சுற்றிக் கயிறு கட்டி, "சேச்சி, ஒண்ணும் தொடவேண்டா" என்று சொல்லி, வேலையை நிறுத்தச் சொல்லும் தாளைக் கொடுத்துவிட்டுப் போனார்கள். எப்போது திரும்ப வருவார்கள் என்று கேட்டால் மேலிடத்தில் கேட்கச் சொல்கிறார்கள். கொத்தனார் கொஞ்ச நாள் பார்த்துவிட்டு வேறு வேலைக்குப் போய்விட்டார். இறக்கிப் போட்ட வெட்டுக்கல் வெயிலில் கிடக்கிறது.

இவர் உன்மேல் கோபப்படவில்லை. "அவளுக்க சந்தோஷத்துல சொல்லிட்டா, விடு" என்றார். எனக்குக் கோபம் உண்டு, சங்கரி. மறைத்து என்ன செய்ய? அவர்கள் உன்னைப் பார்த்துச் சிரித்தால் நீ சிரித்துவிட்டு வந்திருக்கக் கூடாதா? தகரத்துக்குக் கீழே மத்தியானம் பின்சியால் இருந்து படிக்க முடியவில்லை. சபைக் கட்டடத்தின் வராந்தாவில் போய்ப் படிக்கிறாள்.

கொஞ்ச நாள் போன் பண்ணாதே.

ஷீனா

திருவனந்தபுரம்
20 மே 2024

அன்புள்ள ஷீனா,

போன் பண்ண வேண்டாம் என்றாய், எழுத வேண்டாம் என்று சொல்லவில்லை என்று நானே சமாதானம் செய்துகொண்டு எழுதுகிறேன்.

ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்குகிறேன். எல்லோரும் என்னைப் பாராட்டுகிறார்கள். ஒருவர் டீ வாங்கிக் கொடுத்து, "எவ்வளவு பெரிய கண்டுபிடிப்பு!" என்றார். அந்த வீட்டுக்காரர்கள் ஷெட்டில் கிடக்கிறார்கள் சார் என்றேன். "அதெல்லாம் நடைமுறை" என்றார். டீயை அப்படியே வைத்துவிட்டு வந்தேன்.

என் பிளாட்டில் ஓர் அறை சும்மா கிடக்கிறது. மழை பிடிப்பதற்குள் மூன்று பேரும் இங்கே வந்துவிடுங்கள். உன் காலைப் பிடித்துக் கேட்கிறேன்.

சங்கரி

வெள்ளறடை
27.6.2024

சங்கரிக்கு,

பிளாட்டுக்கு வந்தால் ரப்பர் யார் வெட்டுவது? தைக்கத் தந்த துணிக்கு யார் பதில் சொல்வது? நீ நல்ல மனதோடு கேட்டாய், தெரியும்.

மழை பிடித்துவிட்டது. முதல் ராத்திரியே குழிக்குள் வெள்ளம் இறங்கத் தொடங்கியது. இவர் என்ன செய்தார் தெரியுமா? எங்கள் ஷெட்டின்மேல் கிடந்த பெரிய தார்ப்பாயை உருவிக்கொண்டு போய்க் குழியின்மேல் விரித்தார். "எலே, பிள்ள நனையுதுலே!" என்று பக்கத்து வீட்டு ராஜையா மாமன் கத்தினார். "நம்ம நனஞ்சா காயும் மாமா. அந்தச் செங்கல்லு இளகிச்சுன்னா கேஸாக்கும்" என்று இவர் சொன்னார். நானும் போய் இழுத்தேன், பிடுங்க முடியவில்லை. குழி நனையவில்லை. நாங்கள் நனைந்தோம்.

பின்சிக்குக் காய்ச்சல் வந்து நெஞ்சில் சளி கட்டி நெய்யாற்றின்கரை ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். நிமோனியா என்றார்கள். நேற்றுத்தான் வீட்டுக்கு வந்தோம். வீடு என்று எழுதிவிட்டேன். ஷெட்டுக்கு.

உனக்கு வருத்தம் வர வேண்டும் என்று இதை எழுதவில்லை. எழுதி வாசித்துப் பார்த்தால் அதற்காகத்தான் எழுதியிருக்கிறேன் என்று தோன்றுகிறது.

ஷீனா

திருவனந்தபுரம்
18 ஜூலை 2024

அன்புள்ள ஷீனா,

நேற்று ஆய்வுக்கு வந்தவர்களோடு நானும் வந்தபோது உன்னிடம் தனியாகப் பேச முடியவில்லை. பின்சியின் கன்னம் ஒட்டிப்போயிருந்தது. அவள் எனக்கு நாற்காலி எடுத்துப் போட்டாள். நான் உட்காரவில்லை, கவனித்திருப்பாய்.

வட்டெழுத்து படிக்கத் தெரிந்தவள் என்பதால் என் கருத்தைத்தான் எழுத்தில் கேட்டார்கள். இன்று கொடுத்துவிட்டேன். கல் வேறு எங்கிருந்தோ கொண்டுவந்து போடப்பட்டது, செங்கல் வரிசை பிற்காலத்து மாட்டுக்கொட்டகையின் அடித்தளம், தோண்டிப் பார்க்கத் தேவையில்லை என்று எழுதினேன். கல்லை எடுத்துப் போய்விடுவார்கள். ஓணத்துக்கு முன்னால் உங்களுக்கு அனுமதி வந்துவிடும்.

அது மாட்டுக்கொட்டகை இல்லை என்று உனக்கும் எனக்கும் தெரியும். இந்த ஒரு தடவை நான் செய்ததுதான் சரி என்று நினைக்கப் பார்க்கிறேன். என் புத்தகத்திலும் இனி இதைச் சேர்க்க முடியாது. யாரிடமும் சொல்லாதே. வீட்டைக் கட்டு.

சங்கரி

வெள்ளறடை
9.2.2025

அன்புள்ள சங்கரிக்கு,

வீட்டு ஜெபம் நல்லபடியாக முடிந்தது. போதகர் வந்தார், சபையார் வந்தார்கள். நீ வரவில்லை. கல்லூரியில் வேலை என்று பின்சிக்கு மெசேஜ் அனுப்பினாய். வேலை இருந்திருக்காது என்று எனக்குத் தெரியும்.

உன் புத்தகம் தபாலில் வந்தது. பின்சி முதல் பக்கத்திலிருந்து வாசித்தாள். மலைநாடு, இடநாடு, கடற்கரை எல்லாம் அழகாக எழுதியிருக்கிறாய். மலைமேலிருந்து இறங்கி வருவதுபோலவே இருக்கிறது என்றாள். பிறகு வெள்ளறடை எங்கே என்று தேடினாள். ஓர் இடத்தில், நெய்யாற்றுக்குத் தெற்கே மலையடிவாரத்தில் பழைய குடியிருப்புக்குச் சான்று எதுவும் கிடைக்கவில்லை என்று இருந்தது. உன்னைக் கேலி செய்த பேராசிரியர் சொன்ன அதே வார்த்தை. பின்சி புத்தகத்தை மூடிவிட்டு, "அப்ப நம்ம கிட்ட உண்டாயிருந்தது என்னவாக்கும்?" என்று கேட்டாள்.

நீ எழுதிக் கொடுத்ததை நான் இவரிடம் சொல்லவே இல்லை. அன்றைக்குத்தான் சொன்னேன். கேட்டுவிட்டு என்னைத் தெற்கு அறைக்குக் கூட்டிக்கொண்டு போனார். அதற்கு மட்டும் தரை போடாமல் மணல் நிரப்பி வைத்திருந்தார். கையில் பைசா தீர்ந்துபோய்விட்டது என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தேன். அடுக்களையையும் பின்பக்கம் சாய்ப்பு இறக்கி அங்கே மாற்றியிருந்தார். "செங்கல்லு கீழ அப்படியே இருக்கு. ஒண்ணுகூட எடுக்கல. ஊருக்க பேர ஜேசிபி விட்டு நாந்தான் ஒடச்சேன். மிச்சத்தயும் சிமென்ட் ஊத்தி மூட கை வரல்ல" என்றார்.

சங்கரி, நான் உன்னை வாயை மூடிக்கொள்ளச் சொன்னேன். பொய் எழுதச் சொல்லவில்லை. எங்களுக்காக எழுதினாய். அதனால் அந்தப் பொய்யில் எனக்கும் பங்கு வந்துவிட்டது. வசதியாக வீட்டைக் கட்டிக்கொண்டு ஏழு மாதம் நானும் சும்மாதான் இருந்தேன். ஜெபத்தில் எல்லோரும் ஆமென் சொன்னபோது எனக்குச் சத்தம் வரவில்லை.

உள்ளதை எழுதிக் கொடுத்துவிடு. "கெட்டின வீட்ட இடிக்கவா போறாவ? தோண்டணும்னா அந்த அறையத் தோண்டட்டு" என்கிறார் இவர். இடித்தாலும் பார்த்துக்கொள்வோம். உன் வேலைக்கு என்ன ஆகும் என்று எனக்குத் தெரியவில்லை. அதை நினைத்து ஒரு வாரமாக இந்தக் கடிதத்தைப் போடாமல் வைத்திருந்தேன்.

ஷீனா

திருவனந்தபுரம்
3 மார்ச் 2025

அன்புள்ள ஷீனா,

எழுதிக் கொடுத்துவிட்டேன். செங்கல் வரிசை இருந்த இடத்திலேயே இருக்கிறது, கல்லும் அங்கேயே நடப்பட்டதுதான், நான் தெரிந்தே தவறாகக் கருத்துச் சொன்னேன், வீட்டுக்காரர்கள் என்னிடம் எதுவும் கேட்கவில்லை என்று. பதிப்பகத்துக்கும் எழுதினேன். புத்தகத்தைக் கடைகளிலிருந்து திரும்ப எடுக்கிறார்கள்.

கல்லூரி முதல்வர் கூப்பிட்டார். "டீச்சர் சும்மா இருந்திருந்தால் யாருக்குத் தெரியும்?" என்று கேட்டார். வெள்ளறடையில் ஒரு வீட்டுக்காரருக்குத் தெரியும் என்றேன். அவருக்குப் புரியவில்லை. விசாரணை வைத்திருக்கிறார்கள். அதுவரை வகுப்பு எடுக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். வேலை போனாலும் போகலாம். பயமாகத்தான் இருக்கிறது.

உன் ஷெட்டின் தார்ப்பாயை உருவியது கனகதாஸ் அண்ணன் இல்லை, ஷீனா. நான்தான். எந்த விசாரணையிலும் அதைப் பற்றி என்னிடம் கேட்க மாட்டார்கள். பின்சியின் முகத்தைப் பார்க்கப் பயந்துதான் வீட்டு ஜெபத்துக்கு வரவில்லை.

வருகிற ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸில் வருகிறேன். வாசலில் நிற்பேன். உள்ளே கூப்பிடுவதும் கூப்பிடாததும் உன் இஷ்டம்.

சங்கரி

வெள்ளறடை
6.3.2025

சங்கரிக்கு,

ஞாயிற்றுக்கிழமை திருவிருந்து ஆராதனை, முடிய நேரமாகும். வெயிலில் வாசலில் நிற்காதே. சாவி பின்பக்கச் சாய்ப்பில் அரிசிப் பானைக்குப் பின்னால் இருக்கும். கதவைத் திறந்து உள்ளே இரு. சோறும் மீன்கறியும் மூடி வைத்திருப்பேன், பசித்தால் எங்களுக்காகக் காத்திருக்காமல் சாப்பிடு.

தெற்கு அறைக்குள் செருப்போடு போகாதே. இவருக்குப் பிடிக்காது.

ஷீனா