வெல்லம் தின்ற தொட்டி

மே 5, திங்கள்
காலையிலேயே வெயில் மண்டையைப் பிளக்கிறது. விழுப்புரத்தில் பஸ் லேட். திண்டிவனம் குப்பைக் கிடங்குக்குப் போய்ச் சேர்வதற்குள் பாதி உயிர்.

ஆனால் குஷி. குப்பை மேட்டுக்கு அடியில் கசியும் நீரைச் சுத்தம் செய்யும் என் தொட்டி ஜெயித்துவிட்டது! வெளியே வரும் நீரில் பி.ஓ.டி., அதாவது கிருமி தின்னக்கூடிய அழுக்கு, ரொம்பக் குறைவு. பழைய நாற்றம் இல்லை, மூக்கை லேசாக உறுத்துகிறது, அவ்வளவுதான். தொட்டி நிறைய நுரை. கிருமிகளுக்கு வாராவாரம் சாணியும் வெல்லமும் கரைத்து ஊற்றியதற்குப் பலன்.

அடுத்த திங்கள் மதகைத் திறந்து பக்கத்து வயலுக்கு விடலாம் என்கிறார் மேனேஜர். வயல் பூங்காவனம் அக்காவுடையது. கிணறு வற்றி, சொர்ணவாரிப் பட்டத்து நெல் நாற்று காய்கிறது. வாய்க்கால் வெட்ட ஆரம்பித்துவிட்டார். "ஜல்தியா தொறந்து வுடு பாப்பா. நாத்து தலைய தொங்கப் போட்டுக்கினு கெடக்குது."

தொட்டிக்குள் வரும் நீரைச் சோதித்து எத்தனை காலம்? சும்மா அதிலும் ஒரு பாட்டில் எடுத்து வைத்தேன்.

வாங்க வேண்டியது: வெல்லம், அம்மாவுக்குத் தைலம்.

மே 8, வியாழன்
ரிசல்ட் வந்தது. உள்ளே வரும் நீரும் வெளியே போகும் நீரும் ஒன்றே! தொட்டி ஒன்றும் கிழிக்கவில்லை.

வேலை செய்தது குப்பையின் வயசு. இங்கே புதுக் குப்பை கொட்டுவதை நிறுத்திச் சில வருஷம். புதுக் குப்பையின் கசிவு புளிக்கும், குடலைப் புரட்டும், அதில் கிருமிக்குத் தீனி ஏராளம். அதையெல்லாம் மேட்டுக்குள்ளேயே கிருமிகள் தின்று தீர்த்துவிட்டன. மிச்சம், தின்ன முடியாத கறுப்புச் சாயம். உப்பு. அம்மோனியா. அது எகிறிக் கிடக்கிறது. யாரும் கேட்கவில்லை என்று நானும் பார்க்கவில்லை. என் கிருமிகளுக்கு மாப்பிள்ளை உபசாரம். வெல்லத்தைத் தின்றுவிட்டு நுரை தள்ளியிருக்கின்றன.

வெட்கம். என் மேலேயே எரிச்சல். மதகு திறக்கக் கூடாது.

மே 9, வெள்ளி
மேனேஜர்: "பி.ஓ.டி. கம்மிதானம்மா? அத்த எழுதி கையெழுத்து போடு. பேஜாரு பண்ணாத." முடியாது என்றேன். "வேற கெமிஸ்ட பாத்துக்கறேன்." பாருங்க சார் என்றேன்.

அக்காவிடம் சொல்வது அதைவிடக் கஷ்டம். "அம்மோனியாவுல யூரியா மாதிரி சத்து இருக்குதுன்னு நீயேதான சொல்ற? அப்ப பயிருக்கு நல்லதுதான?"

"அளவா இருந்தா நல்லதுதாங்க்கா. இது மூட்டைய பிரிச்சி அப்டியே வேர்ல கொட்டற கணக்கு."

நம்பவில்லை. தன் நாற்றிலேயே ஒரு பிடி பிடுங்கி வந்தார். "போட்டுக் காட்டு." பாதி நாற்று தொட்டித் தண்ணீர் பக்கெட்டில், பாதி கேன் தண்ணீர் பக்கெட்டில்.

மதியம் சாப்பிடவில்லை. பஸ்ஸில் வறுத்த மல்லாட்டை, அந்த வேர்க்கடலைதான் சாப்பாடு.

மே 11, ஞாயிறு
லீவு. போனேன். கேன் தண்ணீர் நாற்று பச்சையாக நிமிர்ந்து. மற்றது நுனி கருகி, வேர் கறுத்து. அக்கா வேரை விரலால் தேய்த்தார். தோல் உரிந்து வந்தது.

மண்வெட்டியை எடுத்து, தான் வெட்டிய வாய்க்காலைத் தானே மூடினார். நானும் மண் தள்ளினேன். அழுகை எனக்குத்தான் வந்தது.

மே 12, திங்கள்
புழுக்கம். மதகு மூடியே. ரிப்போர்ட்டில் அம்மோனியாவையும் எழுதி, அதற்குக் கீழே கையெழுத்து. மேனேஜர் இன்னும் முகம் கொடுக்கவில்லை. வெல்லம் கட். சுண்ணாம்பு போட்டு, காற்றடித்து, அம்மோனியாவை விரட்டிப் பார்க்கணும். சுண்ணாம்புக்குச் சொல்லியாச்சு.

சாயங்காலம் அக்காவின் நாற்றங்காலில் ஆடுகள். அவரே அவிழ்த்து விட்டிருக்கிறார். வரப்பில் உட்கார்ந்து, அவை மேய்வதைப் பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"சம்பாவுக்காச்சும் தண்ணி குடுப்பியா?"

முடியுமா தெரியாது. குடுக்கறேங்க்கா என்று சொல்லிவிட்டேன்.