கூகை கக்கிய உருண்டைகள்

ஜனவரி 23, செவ்வாய்

கீழ்வீட்டுச் சரோஜாவின் வாசலில் மயிரும் எலும்புமாக மூன்று உருண்டைகள் கிடந்தன. "டீச்சர், யாரோ செய்வினை வெச்சிட்டாங்க!" என்று அழுதாள். ஒன்றைத் தண்ணீரில் ஊறவைத்துப் பிரித்துக் காட்டினேன். உள்ளே எலியின் மண்டையோடு. என் பழைய ஏசியைக் கழற்றிய சுவர்ப் பொந்தில் குஞ்சு பொரித்திருக்கும் கூகை என்ற ஆந்தை எலியை முழுசாக விழுங்கி, செரிக்காததைக் கக்கிவிடும். நாம் நாவல்பழக் கொட்டையைத் துப்புவதில்லையா? சரோஜா சிரித்துவிட்டாள்.

அசோசியேஷன் செயலாளர் சிரிக்கவில்லை. "வெள்ளிக்கிழமை என் பொண்ணப் பாக்க வராங்க. அபார்ட்மென்ட்ல ஆந்தை குடியிருந்தா வெளங்குமா? நாளைக்கே ஆள் விட்டுக் கலைச்சிடறேன்."

அந்தப் பொந்துக்கு என் படுக்கையறை வழியாகத்தான் வரவேண்டும். குஞ்சுகள் பறக்கும்வரை கதவைத் திறக்கமாட்டேன் என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டேன். கல்யாணத்துக்குக் கூப்பிடாவிட்டாலும் சரி. பெண்ணுக்கு என் ஆசீர்வாதம் உண்டு.