ஒன்பதாவது கம்பி

8-11-93, திங்கள்
விடாத மழை. பருத்திப்பட்டு ஏரி தளும்புதாம். துணி ஒன்றும் காயவில்லை. பாப்பாவுக்குச் சளி.

சாயங்காலம் சேகர். தொழிற்பேட்டை ஆபீஸில் எனக்குப் பக்கத்து மேஜை. குழந்தை பார்க்க என்று ஆப்பிளோடு. காபி ஆறுவதற்குள் பேச்சு நாங்கள் செய்யும் சர்க்யூட் போர்டுக்குப் போய்விட்டது. அதில் டேட்டா போகும் எட்டுக் கம்பியும் ஒரே சமயம் 0-விலிருந்து 1-க்குத் தாவினால் நாய்ஸ் என்கிற மின் இரைச்சல், டேட்டா தப்பு. இன்னும் தீரவில்லையாம். நான் பிரசவ லீவில் யோசித்து வைத்திருந்ததை உளறிவிட்டேன்: நாலு கம்பிக்கு மேல் மாற வேண்டியிருந்தால் எல்லா பிட்டையும் தலைகீழாக்கி, 0-வை 1 ஆக, 1-ஐ 0 ஆக, அனுப்பு. தலைகீழ் என்று சொல்ல ஒன்பதாவதாய் ஒரு கம்பி. பாப்பா அழ, பாதியில் எழுந்து போனேன். திரும்பி வருவதற்குள் ஆள் செருப்பு மாட்டியாச்சு.

பாத்திரம் தேய்க்கும் முனியம்மா: "இன்னாம்மா, கொயந்தைய பாக்க வந்த ஆளு தொட்டிலாண்ட கூட போவல?"

10-11, புதன்
சளி தேவலை. வாங்க: கிரைப் வாட்டர், தீப்பெட்டி, கொசுவர்த்தி.

முனியம்மா சொன்னதே மண்டைக்குள். இவரிடம் சொன்னால், பிள்ளை பெற்றதிலிருந்து உனக்கு யாரைப் பார்த்தாலும் சந்தேகம் என்கிறார். கேட்காமல் பூத்துக்குப் போய் ஆபீஸ் டைப்பிஸ்ட் கலாவுக்கு போன். ஒன்பதாவது கம்பி சேகர் சாருடைய ஐடியாவாம். மேனேஜருக்கு ஏக சந்தோஷம். சேகரே எல்லாம் பார்த்துக்கொண்டால் என் இடத்துக்கு ஆள் எதற்கு என்று பேச்சாம்.



13-11, சனி
மறுபடி சேகர். இந்தத் தடவை கிலுகிலுப்பை. தொட்டில் வரைக்கும் போய் ஆட்டிக் காட்டினார். முனியம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

"ஒரு சின்ன டவுட் மேடம். டேட்டாவைத் திருப்பி எடுக்கறதுல தப்பில்ல. ஆனா சில சமயம் நாய்ஸ் முன்னைக்கு மேல வருது."

உடனே புரிந்தது. எத்தனை கம்பி மாறும் என்று எண்ண, புது பிட்டுகளை ஒப்பிட வேண்டியது கடைசியாகக் கம்பியில் நிஜமாகப் போனதோடு. ஆபீஸில் ஒப்பிடுவது தலைகீழாக்கும் முன் இருந்ததோடு. அன்றைக்கு நான் சொல்லாமல் எழுந்து போன பாதி. நாக்கு நுனி வரை வந்தது.

"போர்டைப் பாக்காம எப்படிச் சொல்றது சேகர்? திங்கக்கிழமை பாப்பாவோட வரேன். மேனேஜரும் பக்கத்துல இருக்கட்டும்."

"எதுக்கு மேடம், இந்த மழையில, கைக்குழந்தையோட."

ரொம்ப அக்கறை. ஆப்பிள் நன்றாக இருந்ததா என்றுகூடக் கேட்கவில்லை, போய்விட்டார்.

எல்லாம் கேட்டுக்கொண்டிருந்த இவர், ஆட்டோ சொல்லவா என்றார். கொஞ்சம் பொறுத்து, அப்படி என்னதான் தப்பு அந்த போர்டில் என்றும்.

இவரிடம்கூடச் சொல்லவில்லை.