நீ வாங்கிய காத்தாடி

இன்று காலை ஆஸ்பத்திரிக்குப் பை எடுக்கப் பரணில் கையை விட்டேன். முதலில் தட்டுப்பட்டது நீ வாங்கிய காத்தாடி. சிவப்பும் மஞ்சளுமான பிளாஸ்டிக் இதழ்களில் மாமல்லபுரத்து மணல் இன்னும் ஒட்டியிருக்கிறது. என் மனைவி செல்விக்கு இன்று பிரசவத்துக்கு நாள் குறித்திருக்கிறார்கள். இந்த நேரம் பார்த்து நீ வந்து நிற்கிறாய். உனக்கு எப்போதுமே நேரம் காலம் தெரியாது.

அம்மா பார்த்துவிட்டாள். "போய்ச் சேந்தவன் வாங்கனது. நல்ல காரியத்துக்குப் போசொல்லோ அதையா எடுப்ப? வெளிய தூக்கிப் போட்ரு."

வாசல்வரை எடுத்துப்போனேன். போட மனம் வரவில்லை.

அம்மாவைக் குறை சொல்ல மாட்டேன். முதல் பிள்ளை ஏழாம் மாதத்தில் தங்காமல் போனது உனக்குத் தெரியும். அதற்குச் சில நாள் முன்னால்தான் திருப்போரூரில் தொட்டில் வாங்கி வந்திருந்தோம். அதிலிருந்து எங்கள் வீட்டில் எதையும் முன்கூட்டி வாங்குவதில்லை. பெயர்கூட யோசிப்பதில்லை. தப்பித்தவறிச் சிரித்துவிட்டால் உடனே வாயை மூடிக்கொள்வோம்.

சிறுசேரிக்குப் போகும் நம் கம்பெனி பஸ்ஸிலும் அப்படித்தானே. யாரை விசாரித்தாலும் "ஏதோ ஓடுது" என்பார்கள். நன்றாக இருப்பதாகச் சொன்னால் கண் பட்டுவிடும். நீ ஒருவன்தான் ஏறும்போதே பஸ் முழுக்கக் கேட்க "நல்லாகீறேன் மச்சான்" என்பாய். உனக்கு மட்டும் கஷ்டம் இல்லையா? பிராஜெக்ட் முடிந்து, அடுத்தது கிடைக்காமல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாய், எப்போது வேலை போகுமோ என்கிற நிலைமை. அப்போதும் அதே பதில். எப்படிடா என்று கேட்டதற்கு, "காலைல கேவுரு அடை துன்னேன். ஜன்னல் சீட்டு கெட்ச்சிகீது. இன்னா வேணும்?" என்றாய். எனக்கு எரிச்சல்தான் வந்தது.

இந்தத் தடவை செல்விக்கு ஐந்தாம் மாதம். ஒரு ஞாயிற்றுக்கிழமை மூவரும் மாங்காய் தின்றுகொண்டே மாமல்லபுரம் கடற்கரையில் நடந்தோம். திடீரென்று நீ காத்தாடி விற்கிற அம்மாவிடம் போய் ஒன்று வாங்கிவிட்டாய். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது.

"பொறக்காத புள்ளைக்கு ஏன்டா வாங்குற?" என்று அங்கேயே கத்தினேன்.

நீ அதை என் கையில் திணித்தாய். "புள்ளைக்கு யார்ரா வாங்கனா? உனுக்குத்தான். சுத்து."

செல்வி மணலில் உட்கார்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்துப் பார்த்து வெகுநாள் ஆகியிருந்தது. நான் மட்டும் யாராவது பார்க்கிறார்களா என்று சுற்றுமுற்றும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த மாதமே மார்வலி என்று ஆஸ்பத்திரிக்குப் போன நீ திரும்பி வரவில்லை. "அவ்ளோ சத்தமா நல்லாகீறேன்னு சொல்லிகினு இருந்தானே," என்று பஸ்ஸில் யாரோ முணுமுணுத்தார்கள். கோபித்துக்கொள்ளாதே, எனக்கும் அப்படித்தான் தோன்றியது. அன்றைக்கே காத்தாடியைப் பரணில் போட்டேன்.

ஆனால் இன்று வாசலில் நிற்கும்போது ஒன்று உறைத்தது. வாயை மூடிக்கொண்டு இருந்தும் என் பயம் கொஞ்சமும் குறையவில்லை. குறைந்தது செல்வியின் சிரிப்புதான். அந்த ஞாயிற்றுக்கிழமை மட்டும் அப்படியே இருக்கிறது. நீ போனபோதும் அது உன்னோடு போகவில்லை.

ஆட்டோ வந்ததும் காத்தாடியைப் பையின் ஓரத்தில் செருகினேன். செல்வி பார்த்தாள், லேசாகச் சிரித்தாள். அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

இதைச் செங்கல்பட்டு ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து செல்போனில் எழுதுகிறேன். செல்வியை உள்ளே கொண்டுபோய் வெகுநேரம் ஆகிறது. கதவு இன்னும் திறக்கவில்லை. மடியில் இருக்கும் காத்தாடி மின்விசிறிக் காற்றில் சுற்றுகிறது.

பக்கத்துப் பெஞ்சுப் பெரியவர் இப்போதுதான் கேட்டார். "இன்னா கொயந்த, தம்பி?"

"இன்னும் பொறக்கல அண்ணாத்த."

"அப்ப காத்தாடி யாருக்கு?"

"எனுக்கு," என்றேன்.