சூடம் அணைத்த வாய்

கங்கைகொண்ட சோழபுரம்

அன்பு மகள் மேகலாவுக்கு அம்மா உண்ணாமலை எழுதுவது. எல்லோரும் நலம் என்று எழுதத்தான் கை போகிறது, இப்போதைக்கு முக்கால் நலம் என்று வைத்துக்கொள். புனேயில் நீயும் மாப்பிள்ளையும் முழு நலமாக இருக்க வேண்டும். போனில் சொன்னால் நீ அழுவாய், நான் உன்னைத் திட்டுவேன், விஷயம் போய்ச் சேராது, அதனால்தான் கடுதாசி.

உன் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து இப்போது தேறி வருகிறார். பதறாதே. முந்திரித் தோப்பில் தனியாகக் கொட்டை பொறுக்கிக்கொண்டிருந்தவர் மரத்தடியிலேயே சாய்ந்துவிட்டார், வலது கை விழுந்து வாயும் கோணிவிட்டது. அடுத்த தோப்பு ஆண்டாயிதான் பார்த்துச் சத்தம் போட்டாள். ஆம்புலன்ஸுக்குச் சொல்லுங்க என்று நான் கத்துகிறேன், உன் ஜெகதாம்பாள் அத்தை புறா பிடிக்க ஆள் அனுப்புகிறாள். புறா ரத்தத்தைச் சூட்டோடு தேய்த்தால் வாதம் இறங்கிவிடுமாம். நல்லவேளை, புறாவுக்கு மூளை இருந்தது, பறந்துவிட்டது. அரியலூரில் பார்த்துத் திருச்சிக்கு அனுப்பினார்கள். அங்கே டாக்டரம்மா பூங்குழலி ஸ்கேனைக் காட்டி விளக்கினார். மூளையின் இடது பாதிதான் வலது கையை ஆட்டிவைக்குமாம், பேச்சும் பெரும்பாலும் அந்தப் பக்கம்தானாம். ரத்தக்குழாய் அடைத்ததில் முந்திரிப்பருப்பு அளவு இடம் பட்டுப்போய்விட்டது. அங்கே இருக்கிற நரம்புச் செல்கள் ஒன்றுக்கொன்று கிளை நீட்டிச் சேதி கடத்துமாம். செத்த செல் திரும்பத் துளிர்க்காது, ஆனால் ஓயாமல் பேசிப் பழகினால் பக்கத்துச் செல்கள் புதுக்கிளை விட்டு அந்த வேலையைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துச் செய்யுமாம். நம் பங்காளிகளைவிட மூளை எவ்வளவோ தேவலை.

இப்போது சங்கதிக்கு வருகிறேன். நீ விரும்பினவரைக் கட்டிக்கொண்டு போனபோது, அவ பேரு இனி என் வாயில வராது என்று அய்யனார் கோயிலில் சூடம் அணைத்துச் சத்தியம் பண்ணினாரே, அந்த வாயில் இப்போது வேறு ஒரு சொல்லும் வருவதில்லை. நாம் சொல்வது எல்லாம் புரிகிறது, பதிலுக்கு வாயைத் திறந்தால் மேகலா. காபி கேட்டாலும் மேகலா, ரசத்தில் உப்பில்லை என்றாலும் மேகலா. யாருங்க அந்த மேகலா என்று டாக்டரம்மா கேட்டதற்கு உன் அண்ணன் செந்தில் ஃபேனைப் பார்த்தான், நான்தான் எங்க பொண்ணுங்க என்றேன். சிலருக்கு இப்படி ஒரே சொல் தங்கிவிடுவது உண்டாம், அடைப்பு வந்த நேரத்தில் நாக்கு நுனியில் இருந்த சொல்லாகவும் இருக்கலாம், உறுதியாகச் சொல்ல முடியாது என்றார். தோப்பில் தனியாக இருந்த மனுஷன் யாரிடம் உன் பெயரைச் சொன்னார் என்று அணிலைத்தான் கேட்க வேண்டும். சத்தியத்த மீறி நெனச்சிருப்பான், சாமி வாயக் கட்டிடுச்சு என்கிறாள் உன் அத்தை.

என் கவலை வேறு. உன் பெயர் வந்ததும் கூசிப்போய் இடது கையால் வாயைப் பொத்திக்கொள்கிறார். இப்போது வாயைத் திறப்பதையே விட்டுவிட்டார். இப்படிப் பேசாமலே இருந்தால் வரவேண்டிய பேச்சும் வராமல் போய்விடும் என்கிறார் டாக்டரம்மா. பிடிவாதம் மூளையில் எந்தப் பக்கம் இருக்கிறது என்று கேட்டேன், அது ஸ்கேனில் தெரியாதாம். அடைத்ததுதான் அடைத்தது, அங்கே அடைத்திருக்கக் கூடாதா? எனக்கு ஆத்திரமும் அழுகையும் ஒன்றாக வருகிறது மேகலா. நீ வந்து அவர் எதிரில் உட்கார். மற்றவர்களைப் பார்த்துச் சொன்னால்தான் அது நோய், உன்னைப் பார்த்துச் சொன்னால் மகளைக் கூப்பிடுகிறார் என்றுதானே அர்த்தம். மாப்பிள்ளையையும் கூட்டி வா, அவர் பயப்பட வேண்டாம், உன் அப்பா எவ்வளவு கெட்ட வார்த்தையில் திட்ட நினைத்தாலும் மேகலா என்றுதான் வரும். அரியலூர் ஸ்டேஷனுக்குச் செந்தில் வண்டி எடுத்து வருவான், அவனிடம் பேசிவிட்டேன்.

இந்தக் கடுதாசிக்கு உன் அப்பாவிடமே உத்தரவு கேட்டேன். மேகலாவ வரச் சொல்லி எழுதட்டுமாங்க என்றேன். வேண்டாம் என்று சொல்லத்தான் மூடின வாயைத் திறந்திருப்பார், எனக்குத் தெரியாதா. வந்தது உன் பெயர். அதையே உத்தரவாக எடுத்துக்கொண்டு எழுதுகிறேன்.

இருவரும் குறைவில்லாமல் நீடூழி இருங்கள். நீயும் பிரஷர் பார்த்துக்கொள், உன் அப்பா ரத்தம்தான் உனக்கும் ஓடுகிறது, பிடிவாதம் உட்பட.

இப்படிக்கு,
உன் வரவைப் பார்த்திருக்கும் அம்மா
கு. உண்ணாமலை