திரும்பி வந்த லோடு

அண்ணா,

மழைக்காலத்துக்கு முன்பாக நண்டுக் கொட்டகையைச் சுத்தம் செய்துகொண்டிருந்தேன். பரணில் கிடந்த உங்கள் பழைய தார்ப்பாயை இழுத்துப் பிரித்ததும் டீசலும் ஏரிச் சேறும் கலந்த வாசனை முகத்தில் அடித்தது. உங்கள் வண்டியின் பின்கதவைத் திறந்தால் வரும் அதே வாசனை. துடைப்பத்தைக் கீழே போட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டேன். நீங்கள் கண்ணை மூடி ஒரு வருடம் ஆகப்போகிறது.

ஆறு வருடம் என் கொட்டகையின் லோடு உங்கள் கையில்தான் போனது. ஏரிக்கரைத் தோணிரேவிலிருந்து வரும் நண்டுகளின் கொடுக்குகளைக் கட்டி, கூடைகளில் அடுக்கி, ஈரக்கோணி போர்த்தி, பதினோரு மணிக்குள் ஏற்றிவிடுவோம். விமான நிலையத்துக்குப் பக்கத்தில் இருந்த கம்பெனிக் கிடங்கில் நீங்கள் இறக்கினால், மாலை விமானத்தில் அவை வெளிநாட்டுக்குப் போகும். செத்த நண்டை யாரும் வாங்கமாட்டார்கள். பொன்னேரியில் ரயில்வே கேட் மூடியிருந்தாலே உங்களுக்குப் போன் மேல் போன் போடுவேன். நீங்கள் மட்டும் நிதானமாகப் பேசுவீர்கள்.

அந்தப் புயல் வாரத்தை நான் மறக்கவில்லை. ஏரியில் காற்று ஏறுவதற்குள் தோணிரேவு ஆட்கள் உயிரைக் கொடுத்துப் பிடித்து வந்த நண்டுகள். வழக்கத்தைவிட இரண்டு மடங்கு. நீங்கள் கிடங்கு வாசலுக்குப் போய்ச் சேர்ந்த பிறகுதான் விமானங்கள் எல்லாம் ரத்து என்று செய்தி வந்தது. கிடங்கில் இடமில்லை, அங்கேயே எங்காவது கொட்டிவிடச் சொல்லுங்கள் என்று கம்பெனி மேனேஜர் எனக்குப் போனில் சொன்னார். நான் எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. உங்களைக் கூப்பிட்டு அதையே சொன்னேன்.

"கொட்டிட்டு வந்துடுங்கணா. நீங்க பத்திரமா வந்தா போதும்."

 மழைச் சத்தத்துக்கு நடுவில் சொன்னீர்கள்: "உயிரோட இருக்குதேம்மா. இத எப்டி கொட்றது? நாளைக்கு ஏகாம்பரம் வந்து கேட்டா இன்னா சொல்லுவ?"

அதோடு போன் நின்றுவிட்டது. தோணிரேவு நண்டு முழுவதையும் சேர்த்துக் கொண்டுவருபவர் ஏகாம்பரம்தான். 

நீங்கள் செய்ததைப் பிறகு துண்டு துண்டாகத்தான் சொன்னீர்கள், அதுவும் நான் கேட்டுக் கேட்டு. நல்ல தண்ணீரைத் தெளித்தால் நண்டு தாங்காது என்று எண்ணூர் கழிமுகத்துக்கு வண்டியைத் திருப்பி, மழையில் நனைந்தபடி வாளி வாளியாக உப்புத் தண்ணீர் மொண்டு கோணிகளை நனைத்திருக்கிறீர்கள். பொன்னேரிக்கு முன்னால் சாலை முழுகிவிட்டதால் மேட்டில் ஒதுங்கி, தண்ணீர் வடியும்வரை வண்டியிலேயே இருந்திருக்கிறீர்கள். இந்தத் தார்ப்பாய் உங்கள் தலைக்கு மேல் இல்லை, கூடைகளின் மேல் இருந்தது.

மறுநாள் காலை உங்கள் வண்டி கொட்டகை முன்னால் வந்து நின்றபோது நான் முதலில் நண்டைத்தான் பார்த்தேன். உங்களைப் பார்க்கவில்லை. குளிரில் உங்கள் உதடு நீலம் பாரித்திருந்ததை ஏகாம்பரம்தான் கவனித்து, தன் துண்டை எடுத்துப் போர்த்திவிட்டார். தோணிரேவு ஆட்கள் கூடைகளைப் படகில் ஏற்றிப்போய், ஏரியில் வலைக்கூண்டு கட்டி நண்டுகளை விட்டார்கள். விமானம் மறுபடி பறக்க நாலு நாள் ஆனது. சில செத்தன. பெரும்பாலானவை பிழைத்தன. அந்த வாரம் மற்ற ஊர்களிலிருந்து வந்த லோடெல்லாம் குப்பைக்குப் போயிருந்தது. கம்பெனிக்காரர்கள் என்னைப் பாராட்டினார்கள். அந்தப் பாராட்டை நானே வாங்கிக்கொண்டேன்.

அடுத்த வருடம் கம்பெனி புது ஏற்பாடு கொண்டுவந்தது. குளிரூட்டிய வண்டிதான் வரவேண்டும், அது எங்கே போகிறது என்று அவர்கள் அலுவலகத்தில் திரையில் தெரியவேண்டும். உங்கள் வண்டிக்கு அதெல்லாம் முடியாது. எனக்குப் பத்து நாள் முன்பே தெரியும், அண்ணா. அந்தப் பத்து நாளும் நீங்கள் வந்து ஏற்றிக்கொண்டு போனீர்கள். நான் டீ கொடுத்தேன், மழையைப் பற்றிப் பேசினேன், அதை மட்டும் சொல்லவில்லை. கம்பெனியே சொல்லிக்கொள்ளட்டும் என்று இருந்தேன். கடைசியில் உங்களுக்கு முன்பின் தெரியாத ஒருவன் போனில் சொன்னான்.

மறுநாள் நீங்கள் வண்டி இல்லாமல், தார்ப்பாயோடு மட்டும் வந்தீர்கள். உனக்கு உதவும் என்று சொல்லிப் பரணில் போட்டீர்கள். நான் தலை நிமிரவில்லை.

"நீ ஒரு வார்த்த சொல்லியிருந்தா நானே வண்டிய ஓரங்கட்டியிருப்பேம்மா. எவனோ சொல்லிக் கேட்டதுதான் ஒரு மாரி ஆயிருச்சு" என்றீர்கள்.

 நீங்கள் புது டிரைவருக்குப் பக்கத்தில் ஏறி உட்கார்ந்து, எந்தத் திருப்பத்தில் தண்ணீர் நிற்கும் என்று பொன்னேரி வரை காட்டிவிட்டு, பஸ் பிடித்து உங்கள் ஊர் ஆரம்பாக்கத்துக்குப் போனீர்கள். அங்கே வண்டியில் நெல் மூட்டை ஓட்டுகிறீர்கள் என்று கேள்விப்பட்டேன். ஒரு நாள் வந்து பார்க்கவேண்டும் என்று நினைத்துக்கொண்டே இருந்தேன். நீங்கள் இங்கிருந்து போன ஏழாவது மாதம், களத்துமேட்டில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்துவிட்டீர்கள் என்று சேதி வந்தது.

அன்றுதான் முதல்முறையாக உங்கள் வீட்டு வாசலை மிதித்தேன். அண்ணி என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "மழ வந்தா போதும்மா, அந்தப் பொண்ணு லோடு போச்சோ இன்னாவோன்னு பொலம்பிக்கினே இருப்பாரு." நான் செய்ததை நீங்கள் அவரிடம் சொல்லியிருக்கவே இல்லை. அது தெரிந்தபிறகு என்னால் அங்கே உட்காரமுடியவில்லை.

போன வாரம் கம்பெனியிலிருந்து மறுபடி ஒரு மாற்றம். திங்கள்கிழமையிலிருந்து சின்ன நண்டு வேண்டாமாம். தோணிரேவில் பாதிப் பேருக்குக் கிடைப்பதே சின்னதுதான். குரூப்பில் ஒரு மெசேஜ் போட்டுவிடுங்கள், போதும் என்றார் மேனேஜர். நான் போனை வைத்துவிட்டுத் தோணிரேவுக்குப் புறப்பட்டேன்.

கரையில் நின்று எல்லோரையும் கூப்பிட்டுச் சொன்னேன். ஒருவர் திட்டினார். இரண்டு பேர் பாதியிலேயே எழுந்து போனார்கள். வேறு யார் சின்ன நண்டு எடுப்பார்கள் என்று மற்றவர்கள் கேட்டார்கள். எனக்குத் தெரியவில்லை, விசாரிக்கிறேன் என்றேன். கேட்பதற்கு இனி ஒன்றுமில்லை என்று அவர்கள் ஓயும்வரை அங்கேயே நின்றேன்.  நான் கிளம்பும்போது ஏகாம்பரம், "போன்லயே சொல்லியிருக்கலாமே, இதுக்கு இம்மாந்தூரம் வரணுமா?" என்று கேட்டார்.

ஆமாம் என்றேன். ஆரம்பாக்கம் இதைவிட ஒன்றும் பெரிய தூரமில்லை, அண்ணா. நீங்கள் உயிரோடு இருந்தபோதே நான் வந்திருக்கலாம்.